முந்திரிக்கு மூன்று நிமிடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவை கூடியதிலிருந்து அஞ்சலாட்சியின் வாய்க்குள் ஒரே வார்த்தை உருண்டுகொண்டிருந்தது. கொட்டை. முந்திரிக்கொட்டை. காலையில் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் துரைமாணிக்கம் அவளை நடைபாதையில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒங்க பேச்சுல அந்த வார்த்தை மட்டும் வேணாம். பசங்க சிரிப்பானுங்க, நாளைக்கு அதை மட்டும் வெட்டி போன்ல சுத்த விட்டுருவானுங்க. பருப்புன்னே சொல்லிடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பருப்பு வேறு, கொட்டை வேறு. மரத்திலிருந்து விழுவது கொட்டை; அதை வறுத்து, உடைத்து, காயவைத்து, தோலுரித்தால் வருவது பருப்பு. இன்றைக்கு விவாதத்துக்கு வந்திருப்பது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற கொட்டைமீது போடுகிற சுங்க வரி. அதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று அரசாங்கம் வரி மசோதாவில் ஒரு பிரிவு கொண்டுவந்திருக்கிறது. பருப்பு வரியை யாரும் தொடவில்லை. பருப்பு என்று பேசினால் இல்லாத ஊருக்குப் போகாத வழி சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் சிரித்துவிட்டால்? இவ்வளவு பெரிய கூடத்தில் நாலு பேர் சிரித்தாலும் போதும், அவளுக்குப் பேச்சு மறந்துவிடும். ஏசிக் குளிர் கணுக்காலில் ஏறியது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். ஹெட்போனில் யாரோ ஒரு பெண் இந்திப் பேச்சை ஆங்கிலத்தில் அவசர அவசரமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எஃகுக்கு வரி, கண்ணாடிக்கு வரி, ஏதோ மருந்துக்கு வரி. இந்தப் பெண் நம் பேச்சையும் இப்படித்தான் மூச்சு வாங்க ஒப்பிப்பாளா, இல்லை, தமிழுக்கு வேறு ஆளா? தமிழில் பேசப்போகிறேன் என்று காலையிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. கொட்டை என்பதற்கு அந்த ஆள் என்ன சொல்வார்? சரியாகத்தான் சொல்வார். அவளுக்குக் கொடுத்திருப்பது மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும், சோறு கொதிக்கக்கூட அது போதாது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவருடைய கை வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குத் தன் கை ஞாபகம் வந்து, மேசைக்கடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். வெளுத்துத்தான் விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் தோழி வேதவல்லியும் முந்திரி உடைக்கிற கம்பெனியில் ஒரே பலகையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கொட்டை உடைத்தவர்கள். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு விரலெல்லாம் கருத்து, தோல் வெந்து உரியும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா அவள் கையில் தேங்காய் எண்ணெயைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள், கருப்பு போனால்தானே. தாம்பாளத்தை நீட்டும்போது மாப்பிள்ளையாக வந்த ஆதிமூலம் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். அவர் வீட்டில் தோப்பு இருந்தது. கம்பெனியில் கொட்டை உடைத்தவள் தோப்புக்காரி ஆனாள். ஆனபிறகுதான் தெரிந்தது, பலகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வயிறு இருக்கிறதென்று. உடைக்கிறவளுக்கு எந்த ஊர்க் கொட்டையாக இருந்தால் என்ன, வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளூர்க் கொட்டை ஆனியோடு தீர்ந்துவிடும். அப்புறம் கப்பல் கொட்டை வந்தால்தான் கம்பெனிக் கதவு திறக்கும். தோப்புக்காரருக்கோ கப்பலைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். கொட்டை விழுகிற நேரம் பார்த்துக் கப்பலும் வந்து நின்றால், சாக்கைக் கட்டிக்கொண்டு மண்டி மண்டியாக அலைய வேண்டியதுதான். ஒரு வருஷம் பெரும்புயல் வந்த மறுநாள் காலையில் ஆதிமூலம் தோப்புக்குள் போய்விட்டுத் திரும்பியதை அவள் மறக்க மாட்டாள். தோப்புக்குள் என்று சொல்வதற்குத் தோப்பு எங்கே இருந்தது? அத்தனை மரமும் வேரைக் காட்டிக்கொண்டு கிழக்கே தலை வைத்துப் படுத்திருந்தன. வீட்டுக்கு வந்த அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். பிறகு கன்று வாங்கி நட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றாகக் காய்ப்புக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த மரத்துக்கு எதிராக எப்படிப் பேசுவாள்? வேதவல்லியின் கைக்கு எதிராகத்தான் எப்படிப் பேசுவாள்? தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போன நாளில் காலையில் தோப்பு தோப்பாக ஏறி இறங்கி, வரியைக் கூட்டச் சொல்வேன் என்றாள். சாயங்காலம் கம்பெனி வாசலில் வேன்மேல் நின்று, கொட்டை தட்டுப்பாடில்லாமல் வர வழி செய்வேன் என்றாள். இரண்டு இடத்திலும் கைதட்டினார்கள். அன்றைக்கு அதை ஒரு பொய்யாகவே அவள் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் நம் ஜனம்தானே, எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்றுதான் பட்டது. எப்படியாவது. அந்த எப்படியாவதுதான் இப்போது மூன்று நிமிடமாகச் சுருங்கி எதிரே உட்கார்ந்திருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது, அவளுக்குப் பழக்கமான வேலை. பஞ்சாயத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது ஆதிமூலம் தன் பெயர் போட வேண்டிய இடத்தில் அவள் பெயரைப் போட்டார். ஜெயித்தாள். மாலை அவள் கழுத்தில் விழுந்தது, தலைவர் என்ற பேர் அவருக்கு வந்தது. கூட்டத்தில் அவள் நாற்காலியில் இருப்பாள், அவர் பக்கத்தில் நின்று பேசுவார். "நீ குந்து, நான் பேசிக்கிறேன்" என்பார். அதட்டலாகச் சொன்னதே கிடையாது, வெயிலில் நிற்காதே நிழலுக்கு வா என்கிற மாதிரிதான் சொல்வார். அவளும் உட்கார்ந்திருப்பாள். மின்விசிறியைப் பார்ப்பாள், சுவரில் பல்லியைப் பார்ப்பாள், மனசுக்குள் மட்டும் அவருக்கு முன்னாலேயே பதில் சொல்லி முடித்திருப்பாள். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டம். அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வீட்டுக்காரர் வரலியா? சரி, ஒங்க ஊரு தண்ணித் தொட்டிய அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அடுத்த ஊர் பேரைப் படிக்கப் போனார். "தொட்டி எங்க ஊருக்கு சார். தலைவர் நான். நான்தான் வந்துட்டேனே, இப்பவே பேசலாம்." யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். தொட்டி கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஆதிமூலத்திடம் சொன்னபோது அவர் மஞ்சள் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயே பேசிட்டியா" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பு தேறியபிறகும் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அந்த "நீயே பேசிட்டியா"வை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மெச்சிச் சொன்னாரா, மனசு ஒடிந்து சொன்னாரா? கேட்டிருக்கலாம். கேட்கிற நேரம் வாய்க்கவில்லை. ஒன்றியம், மகளிரணி, மாவட்டம் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள், அவர் மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். நாடாளுமன்றச் சீட்டுகூடத் தானாக வந்து விழுந்ததுதான். மாவட்டத்தில் இரண்டு பெரிய ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் தொந்தரவில்லாத ஆள் யார் என்று தலைமை தேடியபோது அவள் கண்ணில் பட்டாள். தொந்தரவில்லாத ஆள். துரைமாணிக்கம் அவளைப் பார்க்கிற பார்வையில் இன்னும் அதுதான் இருக்கிறது.

துரைமாணிக்கம் இப்போதும் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பெயருக்கு முன்னால் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எச்சிலை விழுங்கினாள். தண்ணீர் குடித்தால் நல்லது, குடித்துவிட்டு நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் அதே நேரம் கூப்பிட்டுவிடுவார்கள். காலையில் ஆதிமூலம் போன் செய்தார். "டிவிய போட்டு வச்சிருக்கேன். தோப்புக்காரவோ எல்லாம் நம்ம வூட்டுக்குத்தான் வராவோ. பாத்துப் பேசு" என்றார். பார்த்து என்றால்? எதைப் பார்த்து? அவர் வைத்த கையோடு வேதவல்லி. "அஞ்சல, கொட்ட வரலன்னா ஆடிக்கெல்லாம் கம்பெனிக்குப் பூட்டுதான்டி. செங்கல் சூளைக்குப் போவ சொல்றியா இந்த வயசுல? நீ பெரிய எடத்துல குந்தினு இருக்க, ஒரு வார்த்த சொல்லு." சரிடி என்றாள். அவரிடமும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். சரி, சரி, சரி. முந்தின ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் புரண்டபோது ஒரு வழி மனசில் முளைத்தது. அது வழியா, இல்லை, இரண்டு பக்கமும் உதை வாங்க ஒரு புது உபாயமா என்று அவளுக்கே தெரியவில்லை. துரைமாணிக்கத்திடம் நடைபாதையில் அதைச் சொல்லப் பார்த்தாள். அவர் பாதியிலேயே, "அதெல்லாம் பெரிய கணக்கும்மா. கூட்டணியில இருக்கோம், பிரிவை ஆதரிக்கணும், அவ்வளவுதான். ஆபீஸ்ல பேச்சு அடிச்சுக் குடுத்திருக்காங்க, அப்படியே படிச்சிடுங்க" என்று இரண்டு தாளைக் கையில் திணித்தார். அந்தத் தாள் இப்போது மேசைமேல் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பருப்பு, பருப்பு, பருப்பு. எழுதியவர் முந்திரியைப் பாயசத்தில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும்.

அப்போது அவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொல்ல, கூடத்தில் ஒரு சலசலப்பு கிளம்பியது. ஹெட்போனில் கேட்டதை அவள் இரண்டாவது தடவைதான் புரிந்துகொண்டாள். அமைச்சர் பதில் சொல்ல நேரமாகிவிட்டது. மீதி இருக்கிற உறுப்பினர்கள் எழுதிவைத்த பேச்சை மேசைமீது வைத்துவிடலாம், பேசியதாகவே அவைக் குறிப்பில் ஏறிவிடும். பேசியதாகவே. அம்மாடி, தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் சிரிக்க மாட்டார்கள். டிவியில் வராது. தோப்புக்காரர் கேட்டால் நேரம் தரவில்லை என்று சொல்லலாம், வேதவல்லி கேட்டால் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லலாம். துரைமாணிக்கம் பின்பக்கமாகச் சாய்ந்து, "குடுத்துடுங்கம்மா. நல்லதாப் போச்சு. ரெண்டு பக்கமும் வம்பில்ல" என்றார். நல்லதாகத்தான் போயிற்று. சுற்றிலும் தாள்கள் கை மாறின. அவை ஊழியர் ஒருவர் வரிசை வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தார். அவள் தாளைக் கையில் எடுத்தாள். மேலே தடித்த எழுத்தில் அவள் பெயர் இருந்தது, அடியில் முழுக்க யாரோ பேசியிருந்தார்கள். நீ குந்து, நான் பேசிக்கிறேன். வெயிலில் நிற்காதே. ஊழியர் அவளருகே வந்து மரியாதையாகக் குனிந்து கையை நீட்டினார். கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுக்கத்தான் கையைத் தூக்கினாள். கை அங்கேயே நின்றது. என்ன ஆயிற்று இந்தக் கைக்கு என்று நினைத்தாள். கொடு. இந்தா என்று கொடு. ஊழியர் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அவர் வேலையை நாம் கெடுக்கிறோம் என்று இருந்தது. ஆடி மாதத்துக் கம்பெனிக் கதவும், கொடியில் மாட்டியும் கழற்றியும் ஓயாத சட்டையும் மனசில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. இவை இரண்டும் இந்தத் தாளில் எங்கே இருக்கின்றன? எங்கேயும் இல்லை. தாளை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, ஊழியரிடம் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து நின்றாள். ஒற்றைக் கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நான் பேசணும்" என்று தமிழில்தான் சொன்னாள். தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு பக்கம் கடிகாரத்தையும் ஒரு பக்கம் அவளையும் பார்த்தார். துரைமாணிக்கம், "அம்மா, ஒக்காருங்க" என்றார். அவள் கேட்காதது போல நின்றாள். அவள் பெயரைப் பாதி விழுங்கி யாரோ வாசித்தார்கள். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார் அவைத் தலைவர். மூன்று ஒன்றாகிவிட்டது. மைக்கில் சின்ன விளக்கு எரிந்தது.

"ஐயா, எங்க ஊர்ல முந்திரிக்கொட்டை விழுறது..." என்று தொடங்கியதும், நினைத்தபடியே பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒரே ஒரு சிரிப்பு. இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இதற்கா மதியத்திலிருந்து செத்தோம்? "...மாசிக் கடைசியிலேருந்து வைகாசி வரைக்கும். அந்த மூணு மாசம் வெளிநாட்டுக் கொட்டையும் வரியில்லாம வந்து நின்னா, எங்க கொட்டைய நாய்கூட மோந்து பாக்காது. அந்த மூணு மாசத்துக்கு மட்டும் வரி இருக்கட்டும். மத்த மாசத்துல எங்க மரத்துல எலைதான் இருக்குது. அப்ப வரியே வேணாம், கப்பல் வரட்டும், உடைக்கிற பொம்பளைங்களுக்கு வேலை இருக்கட்டும். வருஷம் பூரா ஒரே வரின்னு வச்சா ஒரு வூட்டுல ஒல கொதிக்கும், பக்கத்து வூட்டுல அடுப்பு அணையும். வரிய எடுத்தா அது மாறி நடக்கும், அவ்வளவுதான். ரெண்டு வூட்டுக்கும் நடுவுல சண்டை மூட்டறதுக்கா சட்டம்? இப்படிச் செஞ்சா ஒரு சந்தேகம் வரும், கம்பெனிக்காரங்க முன்கூட்டியே..." மணி அடித்தது. "அதுக்கும் ஒரு வழி..." விளக்கு அணைந்தது. தன் குரல் கூடத்தின் பெரிய குரலிலிருந்து சிறுத்து, சமையலறைக் குரலாகிப் பக்கத்து இருக்கையோடு நின்றுவிட்டதை அவள் கேட்டாள். இன்னும் இரண்டு வாக்கியம் அந்தச் சின்னக் குரலிலேயே பேசினாள். அமைச்சர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்தாள்.

அமைச்சர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எஃகுக்குச் சொன்னார், கண்ணாடிக்குச் சொன்னார். உறுப்பினர்கள் தந்த யோசனைகள் கவனத்தில் கொள்ளப்படும் என்று ஒரு வரியில் சொன்னார். அந்த ஒரு வரிக்குள் எங்கேயாவது ஒரு முந்திரிக்கொட்டை இருக்குமா என்று அவள் தேடினாள். பிரிவு குரல் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆம் என்பவர்கள் யார் என்று அவைத் தலைவர் கேட்டதும் சுற்றிலும் ஆம் ஆம் என்று எழும்பியது. கொறடா உத்தரவு இருந்தது, அவளும் ஆம் என்றே சொன்னாள். சொன்னது நாக்கில் கசந்தது. வரி போய்விட்டது. இத்தனை சுலபமாகப் போய்விட்டது. வெளியே நடைபாதையில் துரைமாணிக்கம் அவளோடு சேர்ந்து நடந்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை, அவர் வருத்தமாக இருந்தார். "ஏம்மா, ஒங்களுக்கு நான் கெடுதலா பண்ணேன்? குடுத்த பேச்ச வுட்டுட்டு நீங்களா ஒன்னு பேசிட்டீங்க. தலைமையில கேப்பாங்க, நான் சொல்லித்தான் ஆவணும். அடுத்த தடவை சீட்டுன்னு வரும்போது இதெல்லாம் பாப்பாங்க." அவள், "சொல்லுங்கண்ணே. நடந்ததைச் சொல்லுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் எங்கோ தள்ளி உட்கார்ந்திருந்தது. அதைவிடக் கிட்டத்தில், கைப்பைக்குள், போன் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆதிமூலம். எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வேதவல்லியாக இருந்தால் திட்டு வாங்கிக்கொள்ளலாம், அவள் திட்டினால் உறைக்காது. இவர் திட்ட மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். போனில் எப்படித் திரும்புவார்? எடுத்தாள். பின்னால் ஏகப்பட்ட சத்தம், வீடு நிறைய ஆட்கள். "ஒம்போது மாசம் தொறந்துவுட சொல்லிட்டியே" என்றார். ஆமாம் என்றாள். "அந்த ஒம்போது மாசத்துல கம்பெனிக்காரன் வாங்கி வாங்கிக் கொடோன்ல அடுக்கிப்புடுவான். நம்ம கொட்ட வுழுவசொல்ல, அந்த நேரத்துல அவனுக்கு எதுக்கு நாம்ப? இங்க எல்லாரும் அதான் கேக்குறாவோ." யாரோ பின்னால் கத்தினார்கள், விற்றுவிட்டாள் என்றோ விட்டுவிட்டாள் என்றோ. பிறகு அவர் வேறு மாதிரிக் குரலில், கேட்பதற்கே தயங்குகிறவர் போல, "அதுக்கும் ஒரு வழின்னு சொல்ல வந்த. அப்பதான் நிறுத்திப்புட்டானுவோ. வாய் அசைஞ்சிது, ஒன்னும் கேக்கல. என்னா அது?" என்றார். அஞ்சலாட்சி தூணில் சாய்ந்துகொண்டாள். "வரியில்லாம வெளிக்கொட்ட எடுக்குறவன், அதுல இவ்வளவு பங்கு உள்ளூர்க் கொட்ட வாங்கினாத்தான் அடுத்த வருஷம் எடுக்கலாம்னு கட்டு வைக்கணும். அப்படின்னா..." "அதை எவன் வந்து பாக்கறது? பில்லு போட்டுக் காட்டிப்புடுவான்..." என்று அவர் குறுக்கே புகுந்தார். "இருங்க. நான் முடிச்சிக்கிறேன்." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முப்பது வருஷத்தில் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. போனில் அந்தப் பக்கச் சத்தம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் இருந்தவர்களிடம் பேசுவது கேட்டது. "யப்பா, செத்த சும்மா இருங்கடா. அவ பேசுறா." சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அஞ்சலாட்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் அணைந்த இடத்திலிருந்து தொடங்கினாள்.